கொள்ளிடத்தின் வடகரையில் ஓர் அடைக்கலம்

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்கு எங்கள் குடும்பத்தில் போகாதவர்கள் இல்லை. மொட்டை, நேர்த்திக்கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஏதாவது ஒரு வேண்டுதல் இருக்கும். இந்த முறை எனக்கு மாதாவிடம் கேட்க ஒன்றும் இல்லை. அங்கே பங்குச் சாமியாராக இருந்த ஒருவரை நினைத்துக்கொண்டே போனேன். பள்ளிப் பாடத்தில் தேம்பாவணி ஆசிரியர் என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்த வீரமாமுனிவர்தான் அவர். ஊர்ச்சனங்களின் வழக்குக்கும் பயத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டு, அரண்மனை வாசலிலும் போய் நின்ற சாமியார் அவர் என்பதைப் பெரியவனான பிறகுதான் படித்தேன். அதிலிருந்து அந்த மண்ணை மறுபடி மிதிக்க வேண்டும் என்று ஓர் ஆசை.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாகப் போனோம். ஐந்து ஆறுகளையும் தாண்டி விளாங்குடி வந்தால் கொள்ளிடப் பாலம். கூட வந்த அத்தை பாலம் ஏறும்போதே செபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல். ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். அந்தப் பக்கம் திருமானூர். அங்கிருந்து உள்ளே கொஞ்ச தூரத்தில் ஏலாக்குறிச்சி.

இன்றைக்குச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகிற இந்த ஆறு, முந்நூறு வருடங்களுக்கு முன்னால் இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே ஓடியது. தெற்கே தஞ்சை மராத்தியர்கள், வடக்கே அரியலூர் மழவராயர்கள். 1701-இல் தஞ்சை நாட்டில் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய துன்பம் வந்தது. கோயில்களை இடித்தார்கள். சிறையும் அடியும் பட்டவர்கள் பலர். அப்படித் தப்பி வந்தவர்களுக்கு இந்த வடகரை புகலிடமாக இருந்தது என்பது தலைமுறை தலைமுறையாக இங்கே சொல்லப்பட்டு வருகிற செய்தி. பின்னால் வந்த வீரமாமுனிவர் இந்த ஊரைத் திருக்காவலூர் என்று பாடினார்; மாதாவுக்கு அடைக்கல மாதா என்ற பெயர் நிலைத்தது. "அடைக்கலம்" என்ற சொல்லை நாம் செபத்தில் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். இரவோடு இரவாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து வந்தவர்கள் அதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கோயிலுக்குள் நல்ல கூட்டம். உப்பும் மிளகும் கொட்டுகிறவர்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள், பீடத்துக்கு முன்னால் முழந்தாளிலேயே நகர்ந்து வருகிறவர்கள். மாதாவின் சுரூபத்தை, அதாவது சிலையை, பார்த்துவிட்டு, வளாகத்தில் இருக்கும் கல்வெட்டுக்குப் போனேன். அரியலூர் மழவராயர் கோயிலுக்கு நிலம் கொடுத்ததைச் சொல்லும் கல் அது. ராஜபிளவை என்ற கொடிய கட்டி வந்து வாடிய மழவராயருக்கு முனிவர் மாதாவை வேண்டிக்கொண்டு இங்கிருந்த சேற்றை எடுத்துப் பூசினார், புண் ஆறியது, அந்த நன்றிக்கு அரசர் நிலம் எழுதி வைத்தார் என்பது ஊர் வரலாறு. நான் அதை நம்புகிறேன். கூடவே இன்னொன்றும் தோன்றியது: பக்கத்து நாட்டிலிருந்து ஓடி வந்தவர்கள் தங்கியிருக்கும் ஊருக்கு, அந்த மண்ணை ஆளுகிறவரே கல்லில் எழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அகதிக்குப் பட்டா கிடைத்த மாதிரி.

"என்னடா, மாதாவைப் பாக்காம கல்லையே பாத்துட்டு நிக்கிறே?" என்றார் அத்தை. இதுவும் மாதா செய்ததுதான் அத்தை என்றேன்.

முனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இத்தாலியில் மாந்துவாவுக்குப் பக்கத்தில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-இல் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் (அலோசியஸ் கொன்சாகா) பிறந்ததும் அதே ஊரில்தான். சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து, லிஸ்பனில் கப்பல் ஏறி, 1710-இல் கோவாவில் இறங்கி, மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார். காமநாயக்கன்பட்டியில் பணி தொடங்கிய சில வருடங்களில் குருக்கள்பட்டியில் கைதாகி மரண தண்டனை வரை போய், கடைசி நேரத்தில் தப்பினார். தைரியநாதர் என்று முதலில் பெயர் வைத்துக்கொண்டவர் அந்தப் பெயருக்கான விலையைச் சீக்கிரமே கொடுத்துவிட்டார்.

அவருடைய எழுத்தை இந்த இடத்தில் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். தேம்பாவணி 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். பாட்டுடைத் தலைவன் யார் என்றால், இயேசுவை வளர்த்த தந்தை, நசரேத்தூர்த் தச்சரான சூசையப்பர். அவருக்கு வளன் என்று பெயர் சூட்டிக் காப்பியம் பாடினார். குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனுக்குப் பயந்து மரியாளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிற சூசையப்பரை நற்செய்தியில் மத்தேயு சில வரிகளில் சொல்லிவிடுகிறார். முனிவரோ அந்தப் பயணத்தையும் அயல்நாட்டில் அவர்கள் வாழ்ந்த வாழ்வையும் படலம் படலமாக விரிக்கிறார். ஓடி வந்த மக்களோடு வாழ்ந்த குருவுக்கு, ஓடிப்போன ஒரு குடும்பத்தைப் பாட அத்தனை இடம் தேவைப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஊர்களில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார்களுக்கு வேதியர் ஒழுக்கம் என்று உரைநடையில் எழுதினார். 1732-இல் சதுரகராதி தந்தார். எ, ஏ, ஒ, ஓ எழுத்துகளில் குறில் எது நெடில் எது என்ற குழப்பத்தைத் தீர்க்க இன்று நாம் எழுதும் வடிவங்களைக் கொண்டுவந்தார். தரங்கம்பாடி லுத்தரன் சபையோடு அவர் எழுத்தில் போட்ட சண்டை மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை. அந்தச் சூடு இன்றைக்குத் தேவையில்லாதது.

அப்புறம் சந்தா சாகிபு. முனிவரின் வாழ்க்கையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். 1736-இல் திருச்சிக் கோட்டையைப் பிடித்து, ராணி மீனாட்சியை ஏமாற்றி நாயக்கர் ஆட்சியையே முடித்துவைத்தவர் சந்தா சாகிபு. அவரிடம் போனார் முனிவர். போகும் முன் உருதும் பாரசீகமும் கற்றார், நவாபு மகிழ்ந்து பல்லக்கும் ஊர்களும் தந்து திவானாக வைத்துக்கொண்டார் என்று 1822-இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு சொல்கிறது. ஒரு சேசு சபைக் குரு திவானாக இருந்திருக்க முடியுமா என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. பல்லக்கும் பதவியும் எப்படி இருந்தாலும் சரி, நாட்டை ஆள்கிறவன் மாறும்போதெல்லாம் முதலில் அடி வாங்குவது ஆதரவில்லாத சனங்கள்தான். பூசையை முடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளாமல், புது ஆட்சியாளனிடம் அவன் மொழியிலேயே பேசப் போன சாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த உறவுக்கும் ஆயுள் கொஞ்சம்தான். 1741-இல் மராத்தியர்கள் திருச்சியைப் பிடித்து சந்தா சாகிபைச் சிறைப்படுத்தினார்கள். முனிவர் தெற்கே போனார். 1747-இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறந்தார்.

மறுநாள் விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பம் போனோம். பெரியநாயகி மாதா கோயில். சின்ன ஊர், அமைதியான கோயில். தேம்பாவணி இங்கேதான் எழுதப்பட்டது என்று ஊரார் பெருமையோடு சொல்கிறார்கள். மாதா இங்கே புடவை கட்டி, நம் வீட்டுப் பெண்களைப் போல நிற்கிறாள். முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர், காட்டில் கிடைத்த சுரூபத்துக்குக் கோயில் எழுப்பிப் பிள்ளை வரம் பெற்ற கதையை, பூ விற்ற அம்மா கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். இன்றும் அந்தக் குடும்பத்துக்குத் திருவிழாவில் மரியாதை உண்டு என்றார். பீடத்தின் கீழே அத்தை வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நானும் ஒரு செபமாலை சொல்லி முடித்தேன்.

எங்கள் பங்கில் இப்போது இருக்கும் சாமியார், வீட்டுமனைப் பட்டாவுக்காக மக்களோடு தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறார். எழுதவும் செய்கிறார். "சாமியாருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கோயில் வாசலிலேயே கேட்கிறவர்கள் உண்டு. கோணான்குப்பத்தில் பூசைக் கருத்து எழுதித் தரும் சீட்டில் எங்கள் குடும்பப் பெயரை எழுதவில்லை. அவருடைய பெயரையும், பட்டா கேட்டு நிற்கும் அந்தத் தெருவின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.