எஃப்பியு நிரலைச் சுத்தம் செய்யும் பேட்ச்: ரிவ்யூவில் எங்கே கண் வேண்டும்

"நடத்தையில் எந்த மாற்றமும் இல்லை" என்று கமிட் செய்தி (மாற்றத்தோடு வரும் குறிப்பு) சொல்லும் பேட்சைத்தான் (நிரல் மாற்றத்தைத்தான்) நான் மிக மெதுவாகப் படிப்பேன். லினக்ஸ் கெர்னலில் எக்ஸ்86 ப்ராசஸரின் எஃப்பியு (தசம எண் கணக்குகளைச் செய்யும் பகுதி) நிலையைச் சேமித்து மீட்கும் நிரல் என்றால் இன்னும் மெதுவாக. ஒரு டாஸ்க்கின் (ஓடும் நிரலின்) எஃப்பியு மதிப்புகள் ப்ராசஸருக்குள் உள்ள ரெஜிஸ்டரிலும் இருக்கும், நினைவகத்திலுள்ள பஃபரிலும் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் இரண்டில் எது புதியது? இதற்குப் பதில் தெரியாமல் ஒப்புதல் தரக் கூடாது.

2019-இல் வந்த கெர்னல் 5.2 முதல், டாஸ்க் மாறும்போதே ரெஜிஸ்டர்களை நிரப்புவதில்லை. கெர்னலிலிருந்து யூசர் மோடுக்குத் (சாதாரண நிரல் ஓடும் நிலைக்குத்) திரும்பும்போதுதான். இந்த சிபியுவில் கடைசியாக ஏற்றியது இதே டாஸ்க்கின் மதிப்புகள் என்றால் அந்த வேலையும் மிச்சம். சிக்கல் பிறப்பது இங்கேதான். டீபக்கர் (பிழை தேடும் கருவி) பிட்ரேஸ் என்ற சிஸ்டம் கால் வழியே இன்னொரு டாஸ்க்கின் பஃபரை மாற்றிய பின், அந்த டாஸ்க்கின் 'கடைசி சிபியு' புலத்தை -1 ஆக்க வேண்டும். வீண் வரி என்று நினைத்து அதை நீக்கிவிட்டால், டாஸ்க் அதே சிபியுவில் எழும்போது பழைய ரெஜிஸ்டர்களோடு ஓடும். டீபக்கர் எழுதியது காணாமல் போகும். வேறு சிபியுவில் எழுந்தால் எல்லாம் சரியாகத் தெரியும், அதனால் சாதாரணச் சோதனையில் சிக்காது. டாஸ்க்செட் கட்டளை கொண்டு, டீபக்கர் பார்க்கும் இலக்கு டாஸ்க்கை ஒரு சிபியுவிலும் டீபக்கரை இன்னொன்றிலும் கட்டிச் சோதியுங்கள். இரண்டும் ஒரே சிபியுவில் இருந்தால் டீபக்கரின் சொந்த மதிப்புகள் ரெஜிஸ்டரில் ஏறி, பிழையை மறைத்துவிடும்.

ரெஜிஸ்டரை மறுபடி ஏற்ற வேண்டுமா என்று சொல்லும் கொடியைப் பார்ப்பதும் ரெஜிஸ்டரைத் தொடுவதும் ஒரே பூட்டுக்குள் இருக்க வேண்டும். இடையில் ப்ரீஎம்ப்ஷன் (இந்த டாஸ்க்கை நிறுத்தி வேறொன்றை ஓட்டுவது) நடந்தால், படிப்பது வேறொரு டாஸ்க்கின் மதிப்பாக இருக்கலாம்.

சேமிக்கும் கட்டளைகளை ஒரே ஃபங்ஷனில் அடக்குவது நல்ல யோசனைதான். ஆனால் எஃப்எக்ஸ்சேவும் எக்ஸ்சேவும் ரெஜிஸ்டர்களை அப்படியே விட்டுவைக்கும்; பழைய எஃப்என்சேவோ சேமித்த கையோடு எஃப்பியுவை ஆரம்ப நிலைக்குத் தள்ளிவிடும். அதன் பின் வரும் மறு ஏற்றம் நீங்கினால் 32 பிட் பழைய ப்ராசஸர்களில் மட்டும் கணக்கு தப்பும்.

எக்ஸ்சேவ்ஆப்ட், எக்ஸ்சேவ்எஸ் இரண்டும் ஆரம்ப நிலையிலுள்ள பகுதிகளை எழுதாமல் தாண்டும். பஃபரில் பழைய பைட்டுகளே கிடக்கும். பிட்ரேஸுக்கு நகலெடுக்கும்போது பஃபரின் முதல் 512 பைட்டுக்குப் பின் வரும், எந்தப் பகுதி ஆரம்ப நிலையில் இருக்கிறது என்று காட்டும் 64 பைட் ஹெடரின் பிட்டுகளைப் பார்த்து, ஆரம்ப மதிப்புகளை நிரப்பித்தான் கொடுக்க வேண்டும். பஃபரை மொத்தமாக மெம்காப்பி (அப்படியே நகல்) செய்யும் 'எளிமையாக்கம்' வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பெயர் மாற்றங்களைத் தனி பேட்சாகக் கேளுங்கள். முன்னும் பின்னும் ஆப்ஜ்டம்ப் (இயந்திர நிரலைக் காட்டும் கருவி) வெளியீடு எடுத்து ஒப்பிட்டால், எச்சரிக்கை மேக்ரோக்களின் வரி எண்களைத் தவிர இயந்திர நிரல் மாறியிருக்கக் கூடாது.