வாசலில் வந்து விலை குறைப்பது

நேற்று என் பழைய லேப்டாப்பை விற்றேன். வந்தவர் முதலில் கேட்டது பேட்டரியைப் பற்றி. சார்ஜ் இரண்டு மணி நேரம்கூட நிற்காது, இடதுபக்கக் கீல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்று நானே சொன்னேன். மூடியை இரண்டு தடவை மெதுவாகத் திறந்து மூடிப் பார்த்தார். "புது பேட்டரி போடும் செலவை மட்டும் கழித்துக்கொள்ளலாமா?" என்றார். காரணத்தோடு கேட்டார், உடனே சரி என்றேன்.

போன மாதம் மேசையை விற்றபோது நடந்தது வேறு. போனில் ஒரு விலைக்கு ஒப்புக்கொண்டவர், வண்டியோடு வாசலில் நின்றுகொண்டு பாதிக்குக் கேட்டார். மேசையில் ஒரு குறையும் சொல்லவில்லை, "திரும்பிப் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அதை நான் பேரம் என்று சொல்ல மாட்டேன். கொடுக்கவும் இல்லை.

விற்பவர்களிடமும் தவறு உண்டு. நம் பொருள் என்றாலே மதிப்பு கூடித்தான் தெரியும். கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில், காபிக் கோப்பையைச் சொந்தமாகப் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, வாங்குபவர்கள் தர நினைத்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு! அதனால் விலை சொல்வதற்கு முன், அதே மாடல், அதே வயதுள்ள பொருள் உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று விசாரித்துவிடுவேன்.

அப்புறம், ஒருவருக்குச் சரி என்று சொன்னபின் அடுத்தவர் அதிகம் தருகிறேன் என்றாலும் மாற மாட்டேன். லேப்டாப்புக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.