454 கோடி வருஷம்னு எப்படி சொல்றாங்க?

பூமிக்கு வயசு 454 கோடி வருஷம்னு சொன்னா உடனே "நீ என்ன கூட இருந்து பாத்தியா?"ன்னு ஒரு கேள்வி வரும். நிறைய பேர் இதைக் கேட்டா கடுப்பாகுறாங்க, எனக்கு இது ரொம்ப நியாயமான கேள்வியாத்தான் படுது. யாருமே கூட இருந்து பாக்கல. அப்புறம் எந்த தைரியத்துல ஒரு நம்பர் சொல்றாங்க? இதுக்குப் பதில் சொல்லாம "சயின்ஸ் சொல்லுது, ஒத்துக்கோ"ன்னு அதட்டுனா அதுவும் ஒரு நம்பிக்கையை அடுத்தவங்க தலையில கட்டுறதுதான்.

முதல்ல கார்பன் டேட்டிங்கை ஒதுக்கி வச்சிடுவோம். "கார்பன் டேட்டிங்கே தப்புங்க, அதை வச்சு பூமி வயசை எப்படி நம்புறது"ன்னு ஒரு வாதம் எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கு. பழைய எலும்பு, மரத்துல இருக்குற கார்பன்-14 தானா சிதைஞ்சு பாதியா குறைய 5730 வருஷம், அதனால சுமார் 50,000 வருஷத்துக்கு மேல அதுல அளக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. பூமி வயசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதை யாரும் இதுக்கு யூஸ் பண்றதும் இல்ல.

இதுக்கு உதவுறது யுரேனியம். யுரேனியம்-238 தானா சிதைஞ்சு கடைசியில ஈயமா மாறும், பாதி மாற 447 கோடி வருஷம் ஆகும். சரி, கல்லுல இருக்குற ஈயம் எல்லாமே யுரேனியத்துல இருந்து வந்ததுதான்னு எப்படி தெரியும், முன்னாடியே இருந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. இங்கதான் சிர்கான்னு ஒரு கனிமம் வருது. எரிமலைக் குழம்பு ஆறும்போது உருவாகுற பொடிப்பொடி படிகம், பல சமயம் மணல் துகள் அளவுக்குக்கூட இருக்காது. அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ள சேத்துக்கும், ஈயத்தை சேத்துக்காது, ஈயத்தோட அணு அந்தக் கட்டமைப்புக்குள்ள பொருந்தாது. அதனால இன்னைக்கு அந்தப் படிகத்துக்குள்ள இருக்குற ஈயம் கிட்டத்தட்ட எல்லாமே அங்கேயே பொறந்தது.

இன்னொரு விஷயமும் இருக்கு, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். அதே படிகத்துல யுரேனியம்-235ம் இருக்கு, அது 70 கோடி வருஷத்துல பாதியாகும், அதுவும் ஈயமாத்தான் மாறும், ஆனா வேற எடை உள்ள ஈயம். ஆக ஒரே துகளுக்குள்ள ரெண்டு கடிகாரம், ரெண்டும் வேற வேற வேகத்துல ஓடுது. நடுவுல ஈயம் கொஞ்சம் கசிஞ்சு போயிருந்தா ரெண்டும் ரெண்டு வயசு காட்டி மாட்டிக்கும். ரெண்டும் ஒரே வயசு காட்டுனா அதை தற்செயல்னு சொல்லி ஒதுக்க முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவுல ஜாக் ஹில்ஸ்ங்கிற இடத்துல கிடைச்ச ஒரு சிர்கானுக்கு இப்படித்தான் 440 கோடி வருஷம்னு வயசு கண்டுபிடிச்சாங்க.

"அந்தக் காலத்துல சிதையுற வேகம் வேற மாதிரி இருந்திருந்தா?" இதுவும் நல்ல கேள்விதான். 1987-ல பக்கத்து குட்டி கேலக்ஸில ஒரு நட்சத்திரம் வெடிச்சது தெரிஞ்சது. அங்கிருந்து வெளிச்சம் இங்க வரவே சுமார் 1,68,000 வருஷம் ஆகும். அந்த வெடிப்புல உருவான கோபால்ட்-56 எவ்வளவு வேகமா சிதையுதுன்னு அந்த வெளிச்சம் மங்குறதை வச்சே பாத்தாங்க, நம்ம லேப்ல பாக்குற மாதிரியே 77 நாள்ல பாதியாகுதுன்னுதான் வந்துச்சு.

ஆனா பூமி தன்னோட முதல் கல்லு எதையும் மிச்சம் வைக்கல, உருக்கி உள்ள இழுத்து திரும்ப வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு. அதனால பூமியோட வயசுக்கு வானத்துல இருந்து விழுந்த கல்லைத்தான் கேக்கணும், ஏன்னா கிரகங்கள், விண்கற்கள் எல்லாமே சூரியனைச் சுத்தி இருந்த ஒரே தூசி மேகத்துல கிட்டத்தட்ட ஒரே காலத்துல உருவானது. கிளேர் பேட்டர்சன்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி பண்ணது இதைத்தான். அரிசோனாவுல பெரிய பள்ளம் உண்டாக்குன கேன்யன் டயாப்லோ விண்கல்லை எடுத்தாரு, அதுல யுரேனியமே இல்லாத மாதிரி ஒரு பகுதி, அதனால சூரிய குடும்பம் ஆரம்பிச்சப்போ ஈயம் எப்படி இருந்துச்சோ அப்படியே அதுல உறைஞ்சு இருக்கு. யுரேனியம் இருக்குற மத்த விண்கற்களோட ஈயத்தை இதோட ஒப்பிட்டா வயசு வந்துடும். அளக்கப் போனா ஒவ்வொரு தடவையும் ஈயம் கன்னாபின்னான்னு அதிகமா வருது. காத்துல, தூசில, தலைமுடில, துணில எல்லாத்துலயும் ஈயம்! தரையத் தேய்ச்சு, பாத்திரத்தை ஆசிட்ல கழுவி, காத்தை வடிகட்டி, வருஷக்கணக்குல போராடி 1956-ல 455 கோடி, கூடக்குறைய 7 கோடின்னு எழுதுனாரு. அந்த ஈயம் எங்கிருந்து வருதுன்னு தேடிப் போய்தான் பெட்ரோல்ல ஈயம் கலக்குறதுக்கு எதிரா பின்னாடி அவ்வளவு பெரிய சண்டை போட்டாரு, அது தனியா எழுத வேண்டிய கதை.

சயின்ஸ் தப்பே பண்ணாதுன்னு நான் சொல்ல வரல. கெல்வின் பிரபு அவரோட காலத்துல இயற்பியல்ல எவ்வளவு பெரிய ஆளு! சுட்ட இரும்பு குண்டு ஆறுற மாதிரி பூமி ஆறுதுன்னு வச்சு கணக்குப் போட்டு, 1897-ல 2 கோடியில இருந்து 4 கோடி வருஷம்தான்னு அடிச்சு சொன்னாரு. பாறையப் படிச்சவங்களுக்கு அது பத்தவே பத்தல, ஆனா அவரை எதிர்த்துப் பேச நிறைய பேருக்கு தைரியம் வரல. அவர்கிட்டயே முன்னாடி உதவியாளரா இருந்த ஜான் பெர்ரிதான் 1895-லயே, பூமிக்குள்ள வெப்பம் சுலபமா நகர முடிஞ்சா உங்க கணக்கு மொத்தமா மாறிடும்னு சொன்னாரு. சொன்னது சரி, கேட்டவங்க கம்மி. அப்புறம் கதிரியக்கம், அதாவது யுரேனியம் மாதிரி அணுக்கள் தானா சிதையுறது, தெரிய வந்துச்சு, கெல்வினோட நம்பர் போயிடுச்சு. எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் அளவு எதிரா வந்தா நம்பர் போகும், நான் இந்த முறையை நம்புறது இதனாலதான்.

இதுல நம்பிக்கை எங்க நிக்குது? ஜேம்ஸ் அஷர்ங்கிற ஆயர் 1650-ல பைபிள் வம்சாவளி, பழைய ராஜாக்கள் வரலாறு எல்லாம் வச்சு உலகம் கி.மு. 4004 அக்டோபர்ல படைக்கப்பட்டதுன்னு கணிச்சாரு. கையில இருந்த எல்லா ஏட்டையும் நேர்மையா படிச்ச அறிஞர் அவரு, கேலி பண்ண எதுவும் இல்ல. ஆனா அவர் ஏட்டைக் கேட்டாரு, கல்லைக் கேக்கல.

நம்ம பக்கம் வேற மாதிரி நடக்குது. பிரம்மாவோட ஒரு பகல், ஒரு கல்பம், 432 கோடி வருஷம். உடனே "பாத்தீங்களா, பூமி வயசை நம்ம முன்னோர் அப்பவே சொல்லிட்டாங்க"ன்னு ஒரு ஃபார்வர்ட். அந்தக் கணக்கையே ஒழுங்கா பாருங்க. இப்ப நடக்குறது கல்பத்தோட பிரிவுகள்ல ஏழாவது, அதாவது ஏழாவது மன்வந்தரம், கல்பம் ஆரம்பிச்சு சுமார் 197 கோடி வருஷம்தான் ஆகுது, 432 கோடிங்கிறது இனி வரப்போறதையும் சேத்து மொத்த நீளம். பொருத்தம் பாக்குற அவசரத்துல புராணத்தையும் சரியா படிக்கல, கல்லையும் படிக்கல. அவ்வளவு பெரிய காலத்தை மனசுல விரிச்சுப் பாத்தவங்களோட கற்பனை தன்னால நிக்கும், அதுக்கு லேப் ரிப்போர்ட் முத்திரை எதுக்கு? பிரபஞ்சம் விரியுதுன்னு சொன்ன லெமைத்தர் ஒரு கத்தோலிக்க பாதிரியார். 1951-ல போப் அந்தக் கருத்தை படைப்புக்கு ஆதாரம் மாதிரி பேசுனப்போ அது லெமைத்தருக்குப் பிடிக்கல. கடவுளை நம்புன ஒருத்தரே ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்கன்னு நின்னது எனக்கு ரொம்ப மரியாதையா தோணுது.

இப்பவும் சண்டை முடிஞ்சிடல. நிலாவோட வயசுல இன்னும் ரெண்டு கட்சி இருக்கு, அமெரிக்காவோட அப்போலோ பயணங்கள்ல நிலாவுல இருந்து கொண்டு வந்த கல்லை வச்சே ஒருத்தர் 451 கோடிங்கிறாங்க, இன்னொருத்தர் 435 கோடி பக்கம்ங்கிறாங்க. 2024-ல ஒரு குழு, நிலா முதல்லயே உருவாகி 435 கோடி வருஷத்துக்கு முன்னாடி மேல்பகுதி மறுபடி உருகியிருக்கலாம், அதான் ரெண்டு நம்பரும் வருதுன்னு சொல்லியிருக்காங்க. அதே வருஷம் சீனாவோட சாங்-இ 6 விண்கலம் நிலாவோட மறுபக்கத்துல இருந்து கிட்டத்தட்ட 2 கிலோ மண்ணும் கல்லும் எடுத்துட்டு வந்திருக்கு. அதுக்குள்ள என்னென்ன சிர்கான் இருக்கு, எந்தக் கட்சிக்கு சாதகமா சொல்லப்போகுதுன்னு ஒவ்வொரு ஆராய்ச்சிக் கட்டுரை வரும்போதும் தேடிப்பிடிச்சு படிச்சுக்கிட்டிருக்கேன்.