டிக்கியில் 1500 வாட்ஸ்

அந்த அட்டைப்பெட்டியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. யாரையும் போடவும் விடமாட்டேன். பெட்டி மேல் தீப்பிழம்பு, அதற்குள் ஒரு புலி, புலி வாய்க்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 1500 வாட்ஸ். உள்ளே இருந்தது பாட்டுச் சத்தத்தைப் பெருக்குகிற கார் ஆம்ப்ளிஃபயர். இதைச் சென்னையின் கார் சாமான் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் வாங்கிக்கொண்டு என் தம்பியும் இவரும் வந்து இறங்கிய தோரணைக்கு ஆரத்தி எடுக்காததுதான் குறை.

“இந்தப் பழைய வேகன்ஆருக்கு ஆம்ப்ளிஃபயர் எதுக்குடா?” என்றேன்.

“அக்கா, பாட்டுல அந்த ‘தும் தும்’ பாஸ் நெஞ்சுல வந்து அடிக்கணும்” என்றான் தம்பி. போன மாதம்தான் படபடப்பு என்று இ.சி.ஜி. எடுத்துக்கொண்டு வந்த இவருக்கு, நெஞ்சில் அடிக்கக் காசு கொடுத்து ஒரு பெட்டி.

நான் சம்பளம் வாங்குவதே கேபிள் டெஸ்டிங்கில் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். வாரத்துக்கு ரெண்டு பேராவது “ஏசிக்கு எந்த ஒயர் இழுக்கலாம்” என்று என்னிடம் கேட்கத்தான் செய்கிறீர்கள். இந்த வீட்டில் மட்டும் மிக்ஸி நின்றால்தான் நான் எலக்ட்ரிகல். பானெட் திறந்தால் டீ போடுகிறவள். அன்றைக்கும் அப்படித்தான். கீழ் வீட்டுக்காரர், எதிர் ஃப்ளாட் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், இஸ்திரி வண்டிக்காரர் என்று பானெட்டைச் சுற்றி ஒரு கமிட்டியே கூடிவிட்டது. இன்ஜினில் எந்தப் பாகம் எது என்று தெரிந்தவர் அதில் இஸ்திரிக்காரர் ஒருவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை.

டீ கொடுக்கப் போன இடத்தில் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரில் செருகியிருந்தது 30 ஆம்பியர் ஃப்யூஸ். ஓடுகிற காரில் சுமார் 14 வோல்ட் இருக்கும். பெருக்கினால் 420 வாட். தொடர்ந்து அதற்கு மேல் அந்தப் பெட்டி உள்ளே வாங்கவே முடியாது. அதிலும் ஒரு பங்கு சூடாகப் போகும். அப்புறம் வெளியே மட்டும் 1500 எங்கிருந்து வரும்? வரவு 420, செலவு 1500 என்று எங்கள் வீட்டு மாதக் கணக்கைத்தான் யாரோ அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். ஆர்.எம்.எஸ்., அதாவது விடாமல் தொடர்ந்து தரக்கூடிய நிஜ வாட், எவ்வளவு என்று தேடினேன். எறும்பு கால் சைஸில், புலியின் வாலுக்குக் கீழே, 300 என்று இருந்தது. அதுவே காருக்குத் தாராளம்.

“மாமா, அக்கா கணக்குப் போட ஆரம்பிச்சிட்டா” என்றான் தம்பி. கமிட்டி சிரித்தது.

அடுத்தது ஒயர். “4 கேஜ், கடையில ஃப்ரீயாவே குடுத்தாங்க” என்று இவருக்குப் பெருமை. கேஜ் நம்பர் குறையக் குறையத்தான் கம்பி தடிமன். ஃப்ரீயாகக் கொடுத்ததே சந்தேகப்பட வேண்டிய சமாச்சாரம். முனையைச் சீவிப் பார்த்தேன். என் சுண்டுவிரல் தடிமன் சிவப்புத் தோல், அதற்குள் பென்சில் அளவுகூட இல்லாத கம்பி. அதையும் கத்தியால் சுரண்டினால் மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். அதே தடிமனில் சுத்தச் செம்பு கடத்துவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இது கடத்தும். அலுமினியம் கெட்டது என்று சொல்லவில்லை. தெருவில் போகிற கரண்ட் கம்பியே அதுதான். ஆனால் 4 கேஜ் செம்பு என்று சொல்லி 8 கேஜ் அலுமினியத்தைத் தலையில் கட்டுவது வேறு விஷயம்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அங்கே ‘பட்’டென்று ஒரு சத்தம். தம்பி பேட்டரியின் பாசிட்டிவ் நட்டைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டுவிட்டது. கண்ணைப் பறிக்கிற பொறி. பேங்க் மேனேஜர் நாலடி பின்னால் குதித்தார். அந்த வயதில் அப்படிக் குதிப்பது சாதனைதான். ஸ்பேனரில் ஒரு கொத்து உருகிப் போயிருந்தது.

“12 வோல்ட்டுதானே அக்கா, ஷாக்கெல்லாம் அடிக்காது” என்றான், கையை உதறிக்கொண்டே.

ஷாக் அடிக்காதுதான். யார் இல்லை என்றது? ஆனால் ஷார்ட் ஆனால் அந்தச் சின்ன பேட்டரியே நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். காரின் உடம்பு மொத்தமும் நெகட்டிவ். பாசிட்டிவில் கை வைத்த ஸ்பேனர் எந்தத் தகட்டில் பட்டாலும் தீபாவளி. அதனால்தான் முதலில் நெகட்டிவைக் கழற்று, மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில் மாட்டு என்று சொல்வது. இதைச் சொல்ல இன்ஜினியரிங் வேண்டாம், இஸ்திரிக்காரரே போதும். “அக்கா சொல்றது கரெக்ட்டு தம்பி” என்று அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். அவருக்கு மட்டும் இன்னொரு டீ.

பெரிய சண்டை ஃப்யூஸில் வந்தது. “பேட்டரி பக்கத்துல ஃப்யூஸ் எங்க?” என்றேன். “ஆம்ப்லயே இருக்கே” என்றார் இவர். ஆம்ப்பில் இருக்கிற ஃப்யூஸ் ஆம்ப்பைப் பார்த்துக்கொள்ளும். பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் போகிற அந்த நீள ஒயரை யார் பார்த்துக்கொள்வது? இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கிற தகட்டு ஓட்டை வழியாகத்தான் ஒயர் உள்ளே வரும். அந்த ஓட்டையின் ஓரம் பிளேடு. ஓட்டையின் ஓரத்தை மூடுகிற ரப்பர் வளையம், அதாவது க்ரோமெட், போடாமல் இழுத்தால், மடிப்பாக்கம் ரோட்டில் ஒரு மழைக்காலம் ஓட்டுவதற்குள் தோல் அறுந்து கம்பி தகட்டில் உரசும். அப்போது டிக்கியில் இருக்கிற ஃப்யூஸ் தேமே என்று உட்கார்ந்திருக்கும், முன்னால் ஒயர் எரிந்துகொண்டிருக்கும். பாசிட்டிவிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் வேண்டும், அதுவும் அந்த ஒயர் தாங்குகிற அளவுக்கு மேல் போகக் கூடாது.

“கடைக்காரர் தேவையில்லைன்னாரே.”

“கடைக்காரர் நம்ம கார்லயா உட்காரப் போறார்?”

இந்த இடத்தில் மாமனார் பால்கனியிலிருந்து தன் பங்குக்கு, அவர் காலத்தில் ஃப்யூஸ் போனால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டு வண்டியைத் திண்டிவனம் வரை ஓட்டிய கதையை ஆரம்பித்தார். அவருக்குக் காது மந்தம். கீழே என்ன பேச்சு என்று புரியாமலே சரியான இடத்தில் தவறான யோசனை சொல்வார். அத்தைதான் முடித்துவைத்தார்: “அவ சொல்றதைக் கேளேன்டா, தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கு.”

ஃப்யூஸ் வந்தது. எர்த் வரவில்லை. ஆம்ப்பின் நெகட்டிவைக் காரின் உடம்போடு சேர்க்கிற எர்த் ஒயரை, சீட் பெல்ட் போல்ட்டில் பெயின்ட்டுக்கு மேலேயே சுற்றி முறுக்கிவிட்டான் தம்பி. பெயின்ட் கரண்ட்டைக் கடத்தாது, சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. கார்ப்பெட்டுக்கு அடியில் ஓரிடத்தில் சுரண்டி வெறும் தகட்டில் ஒயர் முனைக்கான உலோக வளையத்தை (லக்) வைத்து இறுக்கணும் என்றால், “கார் பெயின்ட்ட சுரண்டறதா!” என்று இவர் துடித்துப்போனார். இடது பக்கக் கதவு முழுக்க எங்கள் கேட் போட்ட கோலம் இருக்கிறது, அதற்கு ஒருநாளும் துடித்ததில்லை. நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். புது ஓட்டை மட்டும் போடாதீர்கள், பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டாங்க் இருக்கிறது என்று மாடியிலிருந்து கத்தியதோடு சரி.

சாயங்காலம் திறப்பு விழா. பாட்டு வந்தது, கூடவே ‘கொய்ய்ய்ங்’ என்று ஒரு கொசு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கொசு சுருதி ஏற்றிப் பாடியது. ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் சத்தம் அது. எர்த் சரியில்லை, போதாக்குறைக்குப் பாட்டு வருகிற ஒயரையும் பவர் ஒயரையும் ஒரே பக்கமாகக் கட்டி இழுத்திருந்தார்கள். கடைக்குப் போன் போட்டால் “நாய்ஸ் ஃபில்டர் ஒண்ணு இருக்கு சார், அறுநூறு ரூபா” என்றார்களாம்.

மறுநாள் காலையில் கார் கிளம்பவே இல்லை. ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். இவர் ஓலா ஆட்டோவில் ஆபீஸ் போனார். “பேட்டரி பழசு” என்று தீர்ப்பு. நான் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். பாட்டு செட்டை ஆன் செய்தால் மட்டும் ஆம்ப்பை எழுப்ப ஒரு நீல வெள்ளை ஒயர் இருக்கும். அதை விட்டுவிட்டு, எப்போதும் கரண்ட் வருகிற மஞ்சள் ஒயரில் முறுக்கி வைத்திருந்தான் என் உடன்பிறப்பு. ராத்திரி முழுக்க ஆம்ப் விழித்துக்கொண்டு எங்கள் பேட்டரியைக் குடித்திருக்கிறது.

அந்த வாரமே லீவு போட்டு எல்லாவற்றையும் பிரித்தேன். நல்ல செம்பு ஒயர், க்ரோமெட், சுரண்டிய எர்த், பவர் ஒரு பக்கம், பாட்டு மறு பக்கம். கொசு செத்தது. கமிட்டியிலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

ஆனால் வியாழக்கிழமை மறுபடி ‘டிக்’. இவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நிம்மதி தெரிந்தது. நேராக மல்டிமீட்டரை எடுத்தேன். எல்லாம் அணைத்த பிறகு ஓடுகிற கரண்ட் 30 மில்லி ஆம்பியர்கூட இல்லை. கடிகாரமும் பூட்டும் அதைத் தின்னத்தான் செய்யும். ஒயரிங் சுத்தம். அப்போது யார்?

வாட்ச்மேன்தான் சொன்னார். “பெரியவர் தினம் சாயங்காலம் வண்டியில உட்கார்ந்து ரேடியோ கேக்குறாரும்மா.”

காதுக் கருவி மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. வீட்டில் டிவியைக் கூட்டினால் பேத்தி படிக்க முடியவில்லை என்கிறாள். அதனால் அவராகவே குறைத்துவிட்டு, வாயசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்களில் யாரும் அதைக் கேட்டதில்லை. இப்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவு ஸ்பீக்கரில் ஆகாசவாணி செய்தியை முழு வால்யூமில் கேட்கிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நிறுத்தப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, “வானிலை மட்டும் கேட்டுட்டு வந்துடறேம்மா” என்றார். செய்தி வாசிப்பவர் ஒவ்வொரு ‘ப’வுக்கும் டிக்கியில் பாஸுக்கென்று வைத்த பெரிய ஸ்பீக்கர், அந்த ஊஃபர், குமுறியது. “இந்தக் குறட்டையை மட்டும் நிறுத்த முடியாதா?” என்று கேட்டார்.

பேட்டரி சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டேன், ராத்திரி மாட்டிவிட்டால் காலையில் வண்டி கிளம்பிவிடும். ஊஃபர் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றி, முனைகளுக்கு டேப் சுற்றி, கார்ப்பெட்டுக்கு அடியில் சொருகிவிட்டேன். இவர் இன்னும் கவனிக்கவில்லை. நேற்றுகூடத் தம்பியிடம் போனில், “பாஸ் செட்டில் ஆயிடுச்சு மாப்ளே, இப்பதான் சூப்பரா அடிக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.