மலை மூடுற மாசத்துல நாங்க கடற்கரைக்குப் போயிடுவோம்

பிப்ரவரி பாதி தாண்டிட்டா எங்க ட்ரெக்கிங் க்ரூப் வாட்ஸப்ல புலம்பல் ஆரம்பிச்சிடும். பிப்ரவரி 15-லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும் காட்டுத்தீ சீசன்னு சொல்லி ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் மலைப்பாதைய எல்லாம் மூடிடுவாங்க. 2024 அக்டோபர்ல அரசாங்கமே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைய ஆன்லைன் புக்கிங்கோட திறந்து விட்டாங்க, அதுக்கும் இதே லீவுதான். புதுசா சேர்ந்த பசங்க "என்னக்கா இது, வெயில் காலத்துலதான் எங்களுக்கு டைமே கிடைக்குது"ன்னு மூஞ்சிய தூக்கி வச்சுக்குவாங்க. எனக்கு இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. 2018 மார்ச் 11 தேனி பக்கம் குரங்கணியில ட்ரெக்கிங் போனவங்கள வளைச்ச காட்டுத்தீய ஞாபகம் வச்சிருக்கற யாரும் இதுக்கு சண்டை போட மாட்டாங்க, காஞ்ச புல்லுக்கு நடுவுல மாட்டிக்கிட்டா ஓடறதுக்கு எந்தப் பக்கமும் வழி இருக்காது, 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் அதே வருஷம் ட்ரெக்கிங்குக்குன்னு தனியா ரூல்ஸே போட்டாங்க. மூடட்டும், நல்லா மூடட்டும்.

ஏன்னா மலை மூடுற அதே மாசத்துலதான் நம்ம சென்னையில முட்டை போட ஆமை கரை ஏறுது. ஜனவரியில ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும், சில வருஷம் ஏப்ரல் வரைக்கும்கூட இழுக்கும். பங்குனி ஆமைன்னு நம்மாளுங்க சொல்றதுதான் ஆலிவ் ரிட்லி. ஒடிசாவுல ருஷிகுல்யா, கஹிர்மாதா பக்கம் லட்சக்கணக்குல ஒரே நேரத்துல வருமே அதே இனம்தான், ஆனா இங்க அந்தக் கூட்டமெல்லாம் கிடையாது, ஒண்ணு ரெண்டா வரும், தனியா வரும், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவுல எங்கயோ ஏறி முட்டை போட்டுட்டு யாருக்கும் தெரியாம போயிடும். எங்க க்ரூப்ல பாதிப்பேர் அந்த ரெண்டு மாசம் வீட்ல இருப்பாங்க, மீதிப்பேர் வாரக்கடைசி ராத்திரியில அந்த முட்டையத் தேடி இந்த 7 கிலோமீட்டர் நடக்கறதுக்குப் போவோம்.

இத நடத்தறது எஸ்.எஸ்.டி.சி.என்-னு சொல்ற மாணவர் அமைப்பு. 1970-கள்லயே பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேகர், ஆமை ஆராய்ச்சியாளர் சதீஷ் பாஸ்கர் மாதிரி ஆளுங்க மெட்ராஸ் பீச்ல ஆமை தேடி நடக்க ஆரம்பிச்சிட்டாங்க, 1988-ல காலேஜ் பசங்க கைக்கு வந்துச்சு, அதுலேர்ந்து ஒரு சீசன் முடிஞ்சா அடுத்த செட் பசங்கன்னு ஓடிட்டே இருக்கு. சம்பளம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. ராத்திரி முழுக்க நடந்துட்டு காலைல பரீட்சை எழுதப் போற பசங்கள நானே பார்த்திருக்கேன்.

இப்ப என் விஷயத்துக்கு வர்றேன். நான் மெதுவா நடக்கறவ. முட்டி கொஞ்சம் தகராறு, வயசும் அம்பதைத் தொடப்போகுது. மலையில மெதுவா நடக்கறவங்க நிலைமை தெரியும்ல, முன்னாடி போனவங்க எல்லாரும் பாறை மேல உக்காந்து கடலமிட்டாய் சாப்ட்டு தண்ணி குடிச்சு போட்டோ எடுத்து முடிச்சிருப்பாங்க, நாம மூச்சு வாங்கி அங்க போய்ச் சேர்ந்த செகண்ட்ல "சரி எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா"ன்னு எந்திரிச்சிடுவாங்க. நமக்கு ரெஸ்ட்டே கிடையாது. கடைசியில வர்ற ஸ்வீப் பையன் ரொம்ப தங்கமான பையனா இருப்பான், "பரவால்ல ஆண்ட்டி, டைம் இருக்கு"ன்னு சொல்வான், அந்தப் பரவால்லதான் எனக்கு ஆகாது.

ஆமை நடையில அந்தக் கணக்கே வேற. அங்க வேகமா போறவனாலதான் பிரச்சனை. தண்ணி கடைசியா ஏறி நின்ன கோடு இருக்கு பாருங்க, குப்பையும் கிளிஞ்சலும் ஒதுங்கியிருக்கும், அந்தக் கோட்டை ஒட்டி மணலைப் பார்த்துக்கிட்டே போகணும், டார்ச் கிடையாது, போன் கிடையாது, கசகசன்னு பேசக்கூடாது. விறுவிறுன்னு போற ஆளு தடத்த தாண்டிப் போயிடுவான், இல்லன்னா அது மேலயே மிதிச்சு அழிச்சிடுவான். அதனால நடத்தற பசங்களே "யாரும் எனக்கு முன்னாடி போகாதீங்க"ன்னு முதல்லயே கறாரா சொல்லிடுவாங்க. வெள்ளியங்கிரிய ஒரே மூச்சுல ஏறி இறங்கறேன்னு பெருமை அடிக்கற எங்க க்ரூப் ஆளு ஒருத்தர் இருக்கார், அவர் இந்த நடையில படற பாட்டப் பார்க்கணும், கால் துருதுருன்னு இருக்கும், பாலவாக்கம் வர்றதுக்குள்ள நாலு தடவ திட்டு வாங்கிடுவார்.

தடம்னா எப்படி இருக்கும்னு கேட்டா, கடல்லேர்ந்து ஒரு சின்ன டிராக்டர் ஏறி வந்துட்டுத் திரும்பிப் போன மாதிரி இருக்கும். துடுப்பு ரெண்டும் மாறி மாறி விழுந்த அடையாளம், நடுவுல வயிறு இழுத்த பள்ளம். ஏறின தடம் ஒண்ணு, இறங்கின தடம் ஒண்ணு, ரெண்டும் சேர்ற இடத்துல மணல் கலைஞ்சு கிடக்கும். சில நேரம் சும்மா ஏறி வந்து வெளிச்சத்தையோ நாயையோ பார்த்துட்டு முட்டை போடாமலே திரும்பியிருக்கும், அப்ப தடம் மட்டும் வளைஞ்சு போகும், தோண்டின அடையாளம் இருக்காது.

மணல் கலைஞ்சிருந்துச்சுன்னா வேலை ஆரம்பம். எல்லாரும் தள்ளி நின்னுடணும். பழக்கமான பையன் ஒருத்தன் ஒரு குச்சிய வச்சுக்கிட்டு குத்தாம, அழுத்திப் பார்ப்பான். கெட்டி மணல்ல குச்சி நிக்கும், கூடு இருக்கற இடத்துல திடீர்னு வழுக்கிட்டு உள்ள போகும். கையில தெரியுமாம் அது, ஒரு விரல் அளவு வித்தியாசம். ஜாக்கிரதையா செய்யலன்னா முட்டையிலயே குத்திடும், அதனால புதுசா வந்தவங்க கையில கொடுக்கவே மாட்டாங்க. இடம் கிடைச்சதும் குச்சிய வீசிட்டு மண்டி போட்டுக் கையால தோண்டுவான், ஒண்ணரை அடி கிட்ட, அப்பல்லாம் கூட நிக்கறவங்களுக்கு மூச்சு விடறதே சத்தமா தெரியும், தோள்பட்டை வரைக்கும் கை உள்ள போனப்புறம் "இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்வான் பாருங்க.

முட்டை வெள்ளையா உருண்டையா ஈரமா இருக்கும், கோழிமுட்டை மாதிரி கெட்டி ஓடு கிடையாது, தொட்டா லேசா அமுங்கும். நூறு, நூத்திருபதுன்னு இருக்கும் ஒரு கூட்டுல. ஒண்ணொண்ணா எண்ணி, கொஞ்சம் அந்தக் கூட்டு மணலையே போட்டு, துணிப் பையில வைக்கணும். உருட்டக்கூடாது, குலுக்கக்கூடாது, சில மணி நேரத்துக்குள்ள ஹேச்சரில, அதாவது முட்டைய பாதுகாப்பா பொரிக்க விடற இடத்துல, மறுபடி புதைச்சிடணும், நேரமானா உள்ள கரு ஓட்டோட ஒட்டிக்கும், அப்புறம் திருப்பினா செத்துப் போயிடும். ஆமை தோண்டின கூடு எவ்வளவு ஆழம், வாய் எவ்வளவு அகலம்னு அளந்து குறிச்சுக்கிட்டு, பெசன்ட் நகர் ஹேச்சரில அதே அளவுல, வாய் குறுகலா அடி அகலமா பானை மாதிரி தோண்டணும். என்கிட்ட ஒரு தடவ அந்தப் பையக் கொடுத்தாங்க. "அக்காதான் மெதுவா நடப்பாங்க, அவங்க கிட்ட குடு"ன்னான் அந்தப் பையன். வாழ்நாள்ல மெதுவா நடக்கறதுக்கு எனக்குக் கிடைச்ச ஒரே சர்டிஃபிகேட்டு அதுதான்.

ஏன் இப்படி எடுத்து மாத்தணும், அதுபாட்டுக்கு இருக்கட்டுமேன்னு கேப்பாங்க. இருக்கலாம், ஆளில்லாத கரையா இருந்தா. இங்க நாய் தோண்டித் தின்னுடும், வண்டி ஏறும். எல்லாத்தையும் விட பெரிய வில்லன் விளக்கு. குஞ்சு ராத்திரில மணல் குளிர்ந்தப்புறம் வெளிய வரும், வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கோ அந்தப் பக்கம் ஓடும். விளக்கில்லாத காலத்துல வெளிச்சம்னா அது கடல்தான். இப்ப பெரிய வெளிச்சம் ரோட்டுப் பக்கம்தானே இருக்கு. சீசன்ல பீச் ஓரத்து லைட்ட ராத்திரி அணைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கறது இதுக்காகத்தான், சில இடத்துல அணைப்பாங்க, பங்களா லைட்டுக்கும் ரெஸ்டாரன்ட் லைட்டுக்கும் யார் போய் சொல்றது.

பெரும்பாலான ராத்திரி ஒண்ணுமே கிடைக்காது. இத முதல்லயே சொல்லிடணும், ஏன்னா புதுசா வர்றவங்க மூஞ்சி கொட்டிவாக்கம் தாண்டினதும் தொங்கிடும். நாலு மணிக்குக் குப்பத்துல வலை எடுத்து வைக்கற அண்ணன் யாராவது "இன்னாமா, ஆமை ஏறிச்சா?"ன்னு கேப்பார், இல்லண்ணேன்னு சொன்னா "வாடைக்காத்து அடிக்குதுல்ல, வரும் வரும்"னு சொல்லிட்டுப் போயிடுவார். எனக்கென்னமோ ஒண்ணும் கிடைக்காத ராத்திரி பிடிக்கும். அடும்பங்கொடி, ராவணன் மீசைப் புல்லு, ஓடி ஓடிக் குழியில ஒளியற மணல் நண்டு, இதெல்லாம் அப்பதான் கண்ணுக்குப் படும்.

உயிரோட ஆமை பார்க்கறத விட செத்த ஆமை பார்க்கறதுதான் ஜாஸ்தி, அதையும் மறைக்கறதுல அர்த்தமில்ல. கண்ணு பிதுங்கி, கழுத்து வீங்கி ஒதுங்கியிருக்கும். கடல்ல இருந்தாலும் அதுக்கும் நம்மள மாதிரி நுரையீரல்தான், மேல வந்து மூச்சு எடுக்கணும், விசைப்படகு இழுத்துட்டுப் போற பெரிய வலையான இழுவை மடியில மாட்டிக்கிட்டா மேல வர முடியாம மூச்சு முட்டியே செத்துப் போகும். 2025 ஜனவரில சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கு மேல ஒதுங்குச்சு, பசுமைத் தீர்ப்பாயமே தானா முன்வந்து வழக்கு எடுத்தாங்க. கரையிலேர்ந்து 5 கடல் மைலுக்குள்ள விசைப்படகு இழுவை மடி போடக்கூடாதுன்னு ரூல் இருக்கு, ஆமை மட்டும் தப்பிச்சுப் போற மாதிரி வலையில பொருத்தற கருவியும் இருக்கு. எல்லாம் இருக்கு. அந்த வருஷம் எங்க நடையில முட்டை எண்ணினத விட செத்தத அளந்து, மறுபடி எண்ணிடக்கூடாதுன்னு அடையாளம் போட்டதுதான் அதிகம். எங்க க்ரூப்ல ரெண்டு பேர் அதோட வர்றத நிறுத்திட்டாங்க, அவங்கள ஒண்ணும் சொல்றதுக்கில்ல. சின்ன ஃபைபர் படகுல மீன் பிடிக்கறவங்க மேல பழி போடறவங்க மட்டும் ஒரு தடவ குப்பத்துல போய்ப் பேசிப் பாருங்க, கரை கிட்ட இழுவை மடி வந்தா முதல்ல வயித்துல அடி விழறது அவங்களுக்குத்தான்.

மேல சொன்ன சதீஷ் பாஸ்கர் பத்தி ரெண்டு வரி சொல்லாம போக மனசு வரல. ஐஐடி மெட்ராஸ்ல படிக்க வந்தவர், கடைசில இந்தியக் கடற்கரையையே ஆமைக்காக நடந்து சர்வே பண்ணினார், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். 1982-ல லட்சத்தீவுல சுஹேலி வலியகராங்கற ஆளில்லாத தீவுல மழைக்காலம் முழுக்க தனியா இருந்தார், பொண்டாட்டிக்கு லெட்டர் எழுதி பாட்டில்ல போட்டு கடல்ல விட்டார், அது ஸ்ரீலங்காவுல ஒரு மீனவர் கையில கிடைச்சு, அவர் அத தபால்ல அனுப்பி வச்சு வந்து சேர்ந்துச்சு. எங்க வீட்ல நான் ராத்திரி நடைக்குப் போறேன்னு சொன்னா மூணு போன் வருது.

ஒரு கோபம் இருக்கு, அதையும் கொட்டிடறேன். போன வருஷம் ஒரு அட்வென்ச்சர் கம்பெனி 'டர்ட்டில் எக்ஸ்பீரியன்ஸ்'னு ஆளுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி, வேற ஒரு பீச்சுக்கு வேன்ல கூட்டிட்டு வந்து, ஆளாளுக்கு ஹெட்லைட்ட மாட்டி விட்டிருந்தாங்க. ஆமை எங்கேர்ந்து ஏறும்? குஞ்சு விடற சாயங்காலமும் இதே கதைதான், குழந்தைங்கள முன்னாடி விடறேன்னு சொல்லிட்டு பெரியவங்க வீடியோ எடுக்க முண்டறது. குஞ்சு அந்த மணல்ல தானா நடந்து தண்ணிக்குப் போகணும், கையில தூக்கி அலையில விடறது உதவி கிடையாது, பொண்ணா இருந்தா பின்னால முட்டை போட இதே கரைப்பக்கம்தான் வரணும். பொண்ணா பையனான்னு முடிவாகறதே மணல் சூட்டுலதான், சூடு கூடினா பொண்ணு, குறைஞ்சா பையன், அதனாலதான் வெயில் ஏறின மாசத்துல ஹேச்சரி மேல நிழல்வலை கட்ட வேண்டியிருக்கு. கம்பு நட்டு வலை கட்டற அந்த வேலைக்கு ஆள் கூப்பிட்டா மட்டும் வேன்ல யாரும் வர மாட்டாங்க.

வரணும்னு இருக்கறவங்க மதியானமே ரெண்டு மணி நேரம் தூங்கிடுங்க. கறுப்பு இல்ல கருநீல டிரஸ். செருப்பக் கையில பிடிச்சுக்கற மாதிரி பழசா போட்டுட்டு வாங்க, வெறுங்கால்ல நடக்கறதுதான் சுகம், ஆனா பாட்டில் கண்ணாடி கிடக்கும் பார்த்து. தண்ணி ஒரு லிட்டர், பிஸ்கட். ராத்திரி பத்தரைக்கு மேல நீலாங்கரைல சொல்ற இடத்துல கூடணும், விளக்கமா பேசிட்டுத்தான் நடக்கவே விடுவாங்க. கூட்டமா வந்தா பாதி வழியில ரெண்டு மூணு பேர் "இன்னும் எவ்ளோ தூரம்"னு ஆரம்பிப்பாங்க, அவங்கள திருவான்மியூர்லயே ஆட்டோல ஏத்தி விட்டுடலாம், ரோடு பக்கத்துலதான்.