ஜாவா தாய், கோட்லின் சேய்: கம்பைலர் முரண்டு பிடிக்கும் இடங்கள்

பழைய ஜாவா புராஜெக்டுக்குள், ஜாவாவோடு சேர்ந்து ஓடக்கூடிய கோட்லின் மொழியைக் கொஞ்சம் கொஞ்சமாக நுழைக்கும்போது தனித்து நிற்கும் கிளாஸ்கள் அதிகம் தொல்லை தருவதில்லை. தாய் கிளாஸிலிருந்தும் இன்டர்ஃபேஸிலிருந்தும் இறங்கி வரும் மெத்தட்கள்தான் வேலையை நிறுத்தும்.

ஜாவா இன்டர்ஃபேஸ் ஒன்றில் கெட்நேம் என்ற மெத்தட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இம்ப்ளிமென்ட் செய்யும் கோட்லின் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் ‘வால் நேம்: ஸ்ட்ரிங்’ என்று போட்டாலே போதும் என்று தோன்றும். கம்பைலரோ ‘ஆக்சிடென்டல் ஓவர்ரைடு’ (தற்செயலாகத் தாயின் மெத்தடை மறுபடி எழுதுவது) என்று மறித்துவிடும். அந்த ப்ராப்பர்ட்டிக்குக் கோட்லினே ஒரு கெட்நேம் உருவாக்குகிறது. இரு மொழிக் கோடையும் ஓட்டும் ஜேவிஎம்மைப் பொறுத்தவரை ஜாவா கேட்பதும் இதுவும் ஒரே சிக்னேச்சர், அதாவது ஒரே மெத்தட் அடையாளம். ஆனால் கோட்லின் சட்டப்படி ப்ராப்பர்ட்டி வேறு, ஃபங்ஷன் வேறு. ஒன்று மற்றொன்றை ஓவர்ரைடு செய்ய முடியாது. ப்ராப்பர்ட்டியை பிரைவேட் ஆக்குங்கள், கெட்டர் உருவாகாது. பிறகு ‘ஓவர்ரைடு ஃபன் கெட்நேம்’ என்று நாமே எழுதி மதிப்பைத் திருப்பித் தரலாம். பெயரை மாற்றித் தப்பிப்பதைவிட இதுவே சுத்தமான வழி.

எதிர்த் திசையிலும் சிக்கல் உண்டு. கோட்லின் இன்டர்ஃபேஸில் உடலோடு எழுதிய ஃபங்ஷனை, அதை இம்ப்ளிமென்ட் செய்யும் ஜாவா கிளாஸ் மறுபடி எழுதவில்லை என்று ஜாவா கம்பைலர் குறை சொல்லும். பழைய கோட்லின் அந்த உடலை டிஃபால்ட்இம்ப்ல்ஸ் என்ற உள் கிளாஸில் வைத்துவிட்டு, இன்டர்ஃபேஸில் வெறும் அப்ஸ்ட்ராக்ட் மெத்தடை மட்டும் விடும். கம்பைல் ஆன கிளாஸ் ஃபைலின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஜாவாபி என்ற கருவி கொண்டு அதைத் திறந்தால் இது பளிச்சென்று தெரியும். பிழைச் செய்தியோடு மல்லுக்கட்டுவதற்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும். கோட்லின் 2.2 முதல் இவை நேரடியாக ஜேவிஎம் டிஃபால்ட் மெத்தட்களாகவே வருகின்றன. அதற்கு முந்தைய பதிப்பானால் ‘-Xjvm-default=all’ என்ற கம்பைலர் ஃப்ளாகை நாம்தான் போட வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கம்பைலர் வாயே திறக்காத வகை. லிஸ்டின் முதல் உறுப்பை நீக்கும் ரிமூவ்ஃபர்ஸ்டும் கடைசியை நீக்கும் ரிமூவ்லாஸ்டும் கோட்லினில் வெகுநாளாக எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷன்கள், அதாவது கிளாஸுக்கு வெளியிலிருந்து ஒட்டவைத்தவை. ஜாவா 21 அதே பெயர்களை லிஸ்ட் இன்டர்ஃபேஸுக்கே மெம்பராக, அதாவது அதன் சொந்த மெத்தட்களாகக் கொடுத்தது. மெம்பர் இருந்தால் எக்ஸ்டென்ஷன் தோற்கும். எனவே ஆண்ட்ராய்டில் கம்பைல்-எஸ்டிகேயை (எந்தப் பதிப்பின் மெத்தட்களைக் கொண்டு கம்பைல் செய்வது என்ற எண்) 35-க்கு, அதாவது ஆண்ட்ராய்டு 15-க்கு உயர்த்தியதும், ஒரு வரிகூட மாறாத கோட், புதிய மெத்தடோடு கட்டப்படுகிறது. ஆண்ட்ராய்டு 15-இல் ஓடும். 14-லும் அதற்குக் கீழும் அந்த மெத்தட் இல்லாததால் ‘நோசச்மெத்தட்எரர்’ வந்து ஆப் விழும். ரிமூவ்ஃபர்ஸ்ட் இருக்கும் இடமெல்லாம் ‘ரிமூவ்அட்(0)’ என்றும், ரிமூவ்லாஸ்ட் இருக்குமிடத்தில் லாஸ்ட்இண்டெக்ஸைக் கொடுத்து ரிமூவ்அட் என்றும் மாற்றிவிடுங்கள். மாற்றிய பின் புது போனில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதாது. விடுபட்ட இடம் ஏதாவது இருந்தால் ஆண்ட்ராய்டு 14 எமுலேட்டரில்தான் அது மாட்டும்.