மேசை விரிப்புக்கும் சான்றிதழ் கேட்டார்கள்

கையால் தைத்துக் கட்டிய குறிப்பேடுகளைச் செய்து இணையத்தில் மட்டுமே விற்று வந்தவள் நான். சுயாதீன வடிவமைப்பாளர்களும் கைவினைஞர்களும் தாங்கள் செய்த பொருள்களைத் தாங்களே நின்று விற்கும் இரண்டு நாள் சந்தைக்கு முதன்முறையாக விண்ணப்பித்தபோது, தேர்வுக் குழுவைக் கடப்பதுதான் பெரும்பாடாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அது எளிதாகவே முடிந்தது. என்னை அலைக்கழித்தவை ஒரு காப்பீட்டுத் தாளும் ஒரு துணியும்தான்.

விண்ணப்பத்தைப் பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் ஸ்டால் எப்படி இருக்கும் என்று காட்டும் படம் ஒன்று கேட்பார்கள். இதுவரை ஸ்டாலே போடாதவர் எங்கே போவது? ஏற்பாட்டாளர்கள் தரும் மேசை 183 சென்டிமீட்டர் நீளம், 76 சென்டிமீட்டர் அகலம் என்று குறிப்பிட்டிருந்தார்கள். வீட்டில் அதே அளவுக்கு ஒரு பலகையைப் போட்டு, குறிப்பேடுகளை அடுக்கிப் படமெடுத்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அடுத்தது செய்முறை விளக்கம். தொழிற்சாலைப் பொருளை வாங்கிப் பெயர்ச்சீட்டு மட்டும் ஒட்டி விற்பவர்களை வடிகட்டுவதற்காகவே அதைக் கேட்கிறார்கள் என்பதால், ‘அன்போடு செய்யப்பட்டது’ போன்ற சொற்களால் அங்கே பயனில்லை. கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் இழையோட்டம், அதாவது நார்கள் படிந்திருக்கும் திசை, பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும், அதை இரண்டாக மடித்தால் இழை ஏட்டின் முதுகுக்குக் குறுக்கே விழுந்து ஏடு விறைத்து நிற்கும், ஆகவே பெரிய தாள்களை வாங்கி நானே வெட்டி 16 பக்க மடிப்புகளாகத் தைக்கிறேன் என்று எழுதினேன். செய்பவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை எழுதுங்கள்.

இனிக் காப்பீடு. யாராவது நம் ஸ்டாலில் தடுக்கி விழுந்தாலோ, அடுக்கு சரிந்து அடிபட்டாலோ ஈடுசெய்யும் பொதுப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம் என்றார்கள். ஒரே நாளில் எடுத்து அனுப்பினேன். ‘பெயர் பொருந்தவில்லை’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. விண்ணப்பம் என் குறிப்பேடுகளின் வணிகப் பெயரில் இருந்தது. காப்பீடோ என் சொந்தப் பெயரில். தொலைபேசியில் அழைத்தால், ஒருங்கிணைப்பாளர் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார். காப்பீட்டு நிறுவனமோ, பதிவு செய்யாத பெயரில் தர முடியாது, ஏற்பாட்டாளர்களிடமே பேசுங்கள் என்றது. இருவரும் மிகப் பணிவாகத்தான் பேசினார்கள், அதுதான் இன்னும் எரிச்சலூட்டியது. நான்காவது அழைப்பில் பேசிய ஒரு முகவர், ‘இன்னார், இந்தப் பெயரில் தொழில் செய்பவர்’ என்று என் பெயருக்கு அருகில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று சொல்லி, அதைச் சில நிமிடங்களில் செய்தும் கொடுத்தார். அதுவும் ஒருமுறை திரும்பி வந்தது: காப்பீடு சந்தையின் முதல் நாளில் தொடங்கியது, ஸ்டால் அமைப்பதோ முந்தைய மாலை. அமைக்கும் நாளையும் பிரித்தெடுக்கும் நேரத்தையும் சேர்த்தே தேதி போட்டு வாங்குங்கள்.

ஸ்டால் அமைக்கும் மாலையில் ஒவ்வொருவருக்கும் பொருள் இறக்க 20 நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு பேருந்து மாறி, இரண்டு மரப்பெட்டிகளோடும் நான்கு அட்டைப்பெட்டிகளோடும் போய் இறங்கி, மேசையின் மேல் கெட்டிப் பருத்தித் துணியை விரித்த கணத்திலேயே தீப்பாதுகாப்பைப் பார்வையிட வந்தவர் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, தீத்தடுப்புச் சான்றிதழைக் கேட்டார். விதிமுறைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான். கெட்டித் துணி என்றால் போதும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். தெளிப்பான் வாங்கி அடித்துவிட்டு வரட்டுமா என்றேன். துணி ஊறி நன்றாகக் காய வேண்டும், துவைத்தால் பூச்சு போய்விடும், எப்படியானாலும் தாள் வேண்டும் என்றார். சான்றிதழுள்ள விரிப்பை ஏற்பாட்டாளர்களே வாடகைக்குத் தருகிறார்களாம், ஆனால் பதிவு செய்யும் காலம் முடிந்துவிட்டதாம். வாதாடியதில் என் 20 நிமிடமும் கரைந்தது. பெட்டிகளை மேசைக்கு அடியில் விட்டுவிட்டு, மறுநாள் காலை ஆறரைக்கு வரச் சொன்னார்கள்.

திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது: விரிப்பு எதற்கு? அடியில் வைத்த பெட்டிகளை மறைப்பதற்கு. அடியில் பெட்டியே இல்லாவிட்டால் விரிப்பும் வேண்டாம். காலையில் அட்டைப்பெட்டிகளை மடித்து ஓரமாகச் செருகினேன். மரப்பெட்டிகளை மேசைமேல் கவிழ்த்து, அவற்றின் மேல் குறிப்பேடுகளை நிறுத்தினேன். தட்டையாக அடுக்கியிருந்தால் குனிந்து பார்க்க வேண்டியவை இப்போது கண்மட்டத்துக்கு வந்துவிட்டன. கீறல் விழுந்த வெறும் மேசையைப் பார்த்து, நீங்கள் வேலை செய்யும் மேசையையே தூக்கி வந்துவிட்டீர்களா என்று மூன்று பேர் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. தீப்பாதுகாப்பைப் பார்வையிட்டவர் மறுபடி வந்து, மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த இரண்டு நாளில் நான் அதிகம் மகிழ்ந்தது அப்போதுதான்.

விற்பனை நன்றாகவே நடந்தது. வங்கி அட்டையில் பணம் வாங்கும் கருவியை மட்டும் ஆளில்லாத காலை வேளையில் சோதித்துவிட்டு நம்பிவிடாதீர்கள். கூட்டம் நிறைந்த பிறகு இணைப்பு அறுந்துபோனது. இணைப்பின்றி வாங்கும் வசதி சில கருவிகளில் உண்டு என்றாலும், பிறகு வங்கி மறுத்தால் நட்டம் விற்பவருடையது. சில்லறை வைத்திருந்ததால் தப்பித்தேன்.

தப்பாத இடம் ஒன்று உண்டு. இரண்டாம் நாள் பிற்பகலில் ஒரு கடைக்காரர் ஒவ்வொரு ஏட்டையும் பிரித்துத் தையலைப் பார்த்துவிட்டு, தன் கடையில் விற்க மொத்தமாக வாங்கினால் என்ன விலை என்று கேட்டார். கடைகள் பொதுவாகச் சில்லறை விலையில் ஏறக்குறைய பாதியை எதிர்பார்க்கும். மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தால், என் விலையில் பாதி தாளுக்கும் நூலுக்குமே கட்டாது. தைத்த நேரத்துக்குக் கூலி என்று நான் எதையுமே சேர்த்திருக்கவில்லை. பட்டியல் அனுப்புகிறேன் என்று சமாளித்து அவருடைய முகவரியை வாங்கிக்கொண்டேன். அன்றிரவே உட்கார்ந்து எல்லா விலைகளையும் புதிதாகப் போட்டேன். பட்டியலை நேற்றுத்தான் அனுப்பியிருக்கிறேன்.